கிட்டில் பூஜ்யம், பாறையில் பச்சை: பாசியோடு மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள்

உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் ஒரு பாசிக் கதை இருக்கும். நான் முதலில் சொல்கிறேன், நீங்கள் தொடருங்கள்.

எனக்கு வந்தது பச்சை முடிப்பாசி. பாசிக்கு உரமாகும் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டியது தண்ணீரைச் சோதிக்கும் கிட். பாறையிலோ விரல் நீளத்துக்குப் பாசி அசைந்துகொண்டிருந்தது. கிட் கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை வைத்துப் பார்த்தாலும் அதே பூஜ்யம். கிட்டில் கோளாறு இல்லை. தண்ணீரில் கலப்பதையெல்லாம் பாசி உடனுக்குடன் உறிஞ்சிவிடுகிறது; மிச்சத்தைத்தான் கிட் அளக்கிறது. பாசி மண்டிய தொட்டியில் பூஜ்யத்தைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

அடுத்த விஷயம் பாறை. என்னுடையது வேறொரு தொட்டியில் நீண்ட காலம் கிடந்த பாறை. பவளப்பாறை என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் அளவு இறங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். தண்ணீர் மாற்றிய அன்று குறைந்த அளவு சில நாளில் பழையபடி ஏறுவது இதனால்தான். மீனுக்குப் போடும் தீனியைக் குறைத்து மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது.

கைகொடுத்தது கையால் பிடுங்கும் வேலைதான். சைஃபன் குழாயின் வாயைப் பாசியின் அடியிலேயே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கிள்ள வேண்டும். இல்லாவிட்டால் அறுந்த துணுக்குகள் தொட்டி முழுக்கப் பறந்து புது இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கிள்ளியதும் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு தெரியும். மீன் கழிவும் தீனித் துகளும் அங்கேதான் தங்கியிருக்கின்றன. பாசி தனக்கான உரத்தைத் தானே வடிகட்டி வைத்துக்கொள்கிறது. அந்தச் சேற்றையும் சேர்த்து உறிஞ்சுங்கள். பிடுங்கி எறியும் ஒவ்வொரு கொத்தும் அவ்வளவு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தொட்டியை விட்டு வெளியேற்றுகிறது.

பாசி குட்டையான பிறகுதான் நத்தைகளை விட்டேன். நீண்ட முடியைப் பெரும்பாலான நத்தைகள் சீண்டுவதில்லை. ட்ரோக்கஸ் நத்தை கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரேயா கவிழ்ந்தால் நாம்தான் நிமிர்த்த வேண்டும். பாஸ்பேட்டை உறிஞ்ச ஜிஎஃப்ஓ, அதாவது இரும்பு ஆக்சைடு குருணை, மிகக் கொஞ்சமாகப் போட்டேன். பாறையிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் குருணை சீக்கிரம் தீர்ந்துபோகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரேயடியாகக் கொட்டினால் பாஸ்பேட் சடாரென்று இறங்கி, கடினப் பவளங்களின் சதை அடியிலிருந்து உரியத் தொடங்கும்.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில மீட்டர்கள் பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும். அதை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் கிடைக்கும். மீட்டரில் 20 என்றால் பாஸ்பேட் சுமார் 0.06.

*

அண்ணா, உங்களுடையது பாசி தின்றதால் வந்த பூஜ்யம். எங்கள் வீட்டில் நிஜமாகவே பூஜ்யம். அது இதைவிட மோசம்.

காய்ந்த பாறையில் தொடங்கிய தொட்டி, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் பெரிய ஸ்கிம்மர், நாலைந்து சின்ன மீன்கள். ஒருநாள் மணல்மேல் பழுப்பாக ஏதோ படிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் டயாட்டம் என்ற பழுப்புப் பாசி, புதுத் தொட்டியில் சகஜம், தானே போய்விடும் என்றார்கள். ஆனால் காலையில் மணல் வெள்ளையாக இருக்கும்; மதியத்துக்குள் சளி போல நூல் நூலாகத் தொங்கும், ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழி. நத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மல்லாந்தன. டயாட்டம் நத்தையைக் கொல்லாது.

கொஞ்சத்தைக் குப்பியில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை விளக்கடியில் வைத்தேன். தெளிவாக இருந்த தண்ணீரில் சற்று நேரத்தில் மறுபடி நூல் திரண்டது. டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒருசெல் உயிரி என்று சந்தேகம் வந்தது அப்போதுதான். மைக்ரோஸ்கோப்பில் நீர்த்துளி வடிவச் செல்கள் ஒரு நுனியை மையமாக வைத்து ராட்டினம் போலச் சுற்றின. டைனோஃப்ளாஜெல்லேட்டில் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற வகை. இது நச்சு சுரக்கும், சுரண்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உரம் பூஜ்யமான தொட்டியில்தான் இது தழைக்கிறது, அதனால் வைத்தியம் தலைகீழ். ஜிஎஃப்ஓவை எடுத்துவிட்டு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஊற்ற வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை. மாலையில் ஊற்றிய பாஸ்பேட் காலையில் காணாமல் போகும். நீங்கள் சொன்ன அதே பாறைதான், இங்கே புதிது என்பதால் குடித்துக்கொண்டே இருந்தது. அது நிறைந்த பிறகுதான் அளவு நின்றது. ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும் என்பதால், தண்ணீரை அதன் வழியே ஓடவிடும் யூவி விளக்கு பெரிய உதவி. மணலுக்குள்ளேயே கிடக்கும் ஆம்ஃபிடினியம் என்ற இன்னொரு வகை என்றால் யூவி பெரிதாக ஒன்றும் செய்யாது, அதனால் முதலில் எது என்று பாருங்கள்.

*

முடிப்பாசி என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டிருப்பவர்கள் ஒரு இழையை வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு தண்டு, இருபுறமும் இறகு போலக் கிளைகள் என்றால் அது பிரையாப்சிஸ். நத்தை தொடாது, பாஸ்பேட்டைக் குறைத்தாலும் அசராது. எனக்கு வேலை செய்தது ஃப்ளூகோனசோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் மருந்து. லிட்டருக்கு 5 மில்லிகிராம் கணக்கு. வடிகட்டியில் இருக்கும் கார்பனை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தை அது உறிஞ்சிவிடும். உடனே எதுவும் தெரியாது; இரண்டு மூன்று வாரத்தில் வெளிறி உதிரும்.

*

சிவப்புப் போர்வை போலத் தகடாக உரிந்து வருவது சயனோபாக்டீரியா, அது பாசியே இல்லை. எங்கள் தொட்டியில் நீரோட்டம் சாகும் மூலையில் மட்டும் வந்தது. நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டைத் திருப்பி வைத்ததும் பாதி போயிற்று. அதைக் கொல்ல எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் போடுபவர்கள், காற்றுக்குமிழி விடும் காற்றுக்கல்லையும் போடுங்கள். சயனோ சாகும்போது ஆக்சிஜன் சடசடவென்று இறங்கும். எனக்கு அந்த மருந்து கடைசி வழியாகத்தான் படுகிறது.

*

நான் பாசியைப் பாசியால் அடக்கும் கட்சி. சம்ப்பில், அதாவது தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில், கீட்டோமார்ஃபா என்ற பாசியை வளர்த்து, முதன்மை விளக்கு அணையும் நேரத்தில் அதன் விளக்கை எரியவிடுகிறேன். உரத்தை அது எடுத்துக்கொள்கிறது, இரவில் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) விழுவதும் குறைகிறது. கீட்டோ வளரவில்லை என்றால் நைட்ரேட்டைப் பாருங்கள், பட்டினியாக இருக்கலாம்.

இதற்குக் காலர்ப்பா என்ற பாசி வேண்டாம் என்பேன். திடீரென்று இனப்பெருக்கத்துக்குப் போனால் தண்ணீர் பச்சைப் பாலாகி மீனுக்கு மூச்சு முட்டும். தொட்டிகளில் வளர்த்த காலர்ப்பா டாக்ஸிஃபோலியா 1984-இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில் கண்டுபிடிக்கப்பட்டு, மத்தியதரைக் கடலில் பரவியது. 2000-இல் கலிஃபோர்னியாவின் அகுவா ஹெடியோண்டா காயலிலும் தென்பட்டது. மேலே தார்ப்பாய் போட்டு மூடி அடியில் குளோரின் விட்டுத்தான் அழித்தார்கள். ஒழிந்துவிட்டது என்று அறிவிக்க 2006 ஆனது. ஆகவே வெட்டிய பாசி எதுவானாலும் சாக்கடையிலோ கடலிலோ போடாதீர்கள், நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.