செல் கவுண்டர் ரிசல்ட் பாதிதான் வருது, ஆனா மெஷின்ல பச்சை டிக் விழுது, உதவி தேவை

நைட்டுடூட்டி:
வணக்கம். நான் லேப் டெக்னீஷியன், நெட்வொர்க் விஷயம் எனக்கு அரைகுறைதான், கேள்வில தப்பிருந்தா பொறுத்துக்கோங்க. எங்க செல் கவுண்டர் (ரத்த அணுக்கள எண்ற மெஷின்) லேன் கேபிள் வழியா ஸ்விட்ச்சுக்குப் போய் அங்கிருந்து லேப் சாஃப்ட்வேர் ஓடுற பிசிக்கு ரிசல்ட் அனுப்பும், எச்எல்7-ன்னு (லேப் மெஷினும் சாஃப்ட்வேரும் பேசிக்கற மெசேஜ் முறை) இன்ஸ்டால் பண்ணவங்க சொன்னாங்க. போன மாசம் அந்தப் பழைய பிசிய தூக்கிட்டு புதுசு வச்சாங்க, அதுல இருந்துதான் தலைவலி. டபிள்யூபிசி (வெள்ளை அணு) வருது, ஹீமோகுளோபின் வருது, எம்சிவி (சிவப்பணுவோட அளவு) வருது, பிளேட்லெட் காலியா இருக்கு. அடுத்த சாம்பிள்ல எல்லாமே வருது. அதுக்கடுத்தது மறுபடி பாதி. மெஷின் ஸ்கிரீன்ல பாத்தா எல்லாத்துக்கும் அனுப்பியாச்சுன்னு பச்சை டிக். மெஷின்காரங்க எங்க பக்கம் சக்சஸ்ங்கறாங்க, சாஃப்ட்வேர்காரங்க வர்றததான் சேவ் பண்றோம்ங்கறாங்க, நடுவுல நான் ராத்திரி முழுக்க ஸ்கிரீனப் பாத்து கையால டைப் பண்ணிட்டு இருக்கேன். பிங் (லைன் ஒழுங்கா இருக்கான்னு பாக்கற டெஸ்ட்) போட்டேன், ஒண்ணு கூட டிராப் இல்ல.

கேபிள்ராஜா:
கேபிள மாத்திப் பாருங்க ப்ரோ, ஸ்விட்ச் போர்ட்டும் மாத்துங்க. ஐபி ரெண்டு பேருக்கு ஒண்ணா இருந்தாலும் இப்படித்தான் விட்டு விட்டு வரும். புது பிசின்னா ஃபயர்வால் ஆஃப் பண்ணீங்களா?

நைட்டுடூட்டி:
கேபிள் மாத்தியாச்சு, போர்ட் மாத்தியாச்சு, ஃபயர்வால்ல அந்த போர்ட் திறந்துதான் இருக்கு. ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன், அதே ஸ்விட்ச்சுல அதே பிசிக்குத்தான் யூரின் அனலைசரும் அனுப்புது, அது ஒரு நாள் கூட தப்பினதில்ல.

பயோமெட்பழசு:
ஃபயர்வால் தடுத்தா மொத்தமா வராது, பாதி வர விடாது. யூரின் மெஷின் ஒழுங்கா வருதுன்னா ரோடு நல்லாருக்குன்னு அர்த்தம். சாஃப்ட்வேர்ல இன்டர்ஃபேஸ் லாக் ஃபைல் இருக்கும், அதுல ஒவ்வொரு தடவையும் எத்தனை பைட் வந்துச்சுன்னு எழுதியிருக்கும், அத எடுத்துப் போடுங்க. பேஷண்ட் பேர், வயசு, சாம்பிள் நம்பர் எதையும் இங்க போட்றாதீங்க, எச்எல்7 பெரும்பாலும் பூட்டு எதுவும் இல்லாத வெறும் எழுத்துதான், எல்லாம் பச்சையா தெரியும்.

நைட்டுடூட்டி:
லாக் பாத்தேன் சார். பாதி வந்த சாம்பிளுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டு வரி இருக்கு. ஒண்ணு 1460, அடுத்தது 1011. இன்னொண்ணு 1460, 987. முதல் எண் எப்பவுமே 1460தான். ரெண்டாவது வரிக்குப் பக்கத்துல ‘தலைப்பு இல்லை, நிராகரிக்கப்பட்டது’ன்னு இருக்கு. முழுசா வந்ததுக்கு ஒரே வரி, 2400 சொச்சம். யூரின் எல்லாம் 800க்குள்ள.

இன்னொண்ணு, இதுக்கு சம்பந்தம் இருக்கான்னு தெரியல. போன வாரம் ஒருத்தருக்கு பிளேட்லெட் காலியா வரல, 21ன்னு வந்துச்சு, அதாவது 21 ஆயிரம். டாக்டர் அலறி அடிச்சு போன் பண்ணினார், ஸ்மியர் (கண்ணாடில ரத்தம் தடவி மைக்ரோஸ்கோப்ல பாக்கறது) போட்டுப் பாத்தா பிளேட்லெட் தாராளமா இருக்கு, மெஷின் ஸ்கிரீன்ல போய்ப் பாத்தா 213.

பயோமெட்பழசு:
சம்பந்தம் இருக்கான்னு தெரியலன்னு கடைசில சொல்றீங்களே, அதுதாங்க முழுக் கதையும்! 213ல 21 மட்டும் வந்துச்சு, மிச்ச 3 அடுத்த துண்டுல வந்துச்சு, அத உங்க சாஃப்ட்வேர் தூக்கி எறிஞ்சிடுச்சு.

1460 சும்மா வந்த எண் இல்ல. ஈதர்நெட்ல ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட், அதுல ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போக மிச்சம் 1460 (டைம்ஸ்டாம்ப் போட்டா 1448 ஆகும், அதுவும் நெறைய பாத்திருக்கேன்). உங்க சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை டெஸ்ட்) மெசேஜ் 2400 இருக்கறதால ரெண்டு பாக்கெட்டாத்தான் கிளம்பும், இது தப்பே இல்ல, அப்படித்தான் இருக்கணும். டிசிபிங்கறது குழாய் மாதிரி, இந்தப் பக்கம் ஊத்துனது அந்தப் பக்கம் அதே வரிசைல ஒரு சொட்டு குறையாம வரும், ஆனா எந்த இடத்துல ஒரு குடம் முடிஞ்சு அடுத்த குடம் ஆரம்பிச்சுதுன்னு குழாய்க்குத் தெரியாது. அதுக்காகத்தான் எச்எல்7 மெசேஜ சுத்தி எம்எல்எல்பின்னு ஒரு உறை வச்சாங்க, ஆரம்பத்துல 11ங்கற பைட், முடிவுல 28, அதுக்கு அப்புறம் 13. 28ம் 13ம் வர்ற வரைக்கும் வாங்கி வாங்கி சேத்து வைக்கணும், அப்புறம்தான் பிரிச்சுப் படிக்கணும், அப்புறம்தான் ஏற்பு பதில் அனுப்பணும். உங்க சாஃப்ட்வேர் ஒரு தடவை வாங்குனதையே ஒரு மெசேஜ்னு நெனச்சு, பாதிலயே ஏஏன்னு (ஏத்துக்கிட்டேன்னு அர்த்தம்) பதில் அனுப்பிடுது. மெஷினும் சரி வாங்கிட்டாங்கன்னு பச்சை டிக் போட்டுட்டு அடுத்த வேலையப் பாக்குது.

வெட்டு விழுற இடம் பிளேட்லெட் பக்கமா ஏன்னா, முன்னாடி பேஷண்ட் விவரம், அப்புறம் ஓபிஎக்ஸ் வரி (ஒரு ரிசல்ட்டுக்கு ஒரு வரி) ஒண்ணொண்ணும் 60, 70 எழுத்து, வரிசையா எண்ணிட்டு வந்தா 1460 அங்கதான் முடியும். பேர் நீளமா இருந்தா நாலு எழுத்து முன்னாடி வெட்டும், அவ்வளவுதான்.

நைட்டுடூட்டி:
புரியுது சார், ஆனா பழைய பிசில ஏன் வரல இந்தப் பிரச்சினை?

பயோமெட்பழசு:
பழைய பிசி சோம்பேறி. அது எழுந்து வந்து வாங்கறதுக்குள்ள ரெண்டு துண்டும் வந்து சேந்திருக்கும், சேத்து ஒரே வாயில முழுங்கிடும். புதுசு சுறுசுறுப்பு, முதல் துண்டு வந்த உடனே ஓடிப் போய் எடுத்துடுது. பழசுலயும் எப்பவாவது ஒண்ணு ரெண்டு காலியா வந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

நைட்டுடூட்டி:
வந்திருக்கு சார். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு. நெட்வொர்க் மக்கர்னு சொல்லிட்டு டைப் பண்ணிட்டுப் போயிடுவோம்.

கேபிள்ராஜா:
அப்போ ஜம்போ ஃபிரேம் ஆன் பண்ணா 9000 வரைக்கும் ஒரே பாக்கெட்ல போகுமே, வேலை முடிஞ்சுதே?

பயோமெட்பழசு:
வேணாம் ராஜா. மெஷின், ஸ்விட்ச், பிசி மூணும் ஒத்துக்கணும், அனலைசர்ல அந்த செட்டிங் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. அப்படியே ஒத்துக்கிட்டாலும் நாளைக்கு யாராவது ஹிஸ்டோகிராம் படத்தையும் சேத்து அனுப்புன்னு ஆன் பண்ணா மெசேஜ் பல மடங்கு வீங்கிடும், மறுபடி முதல்ல இருந்து. ஓட்டை சாஃப்ட்வேர்ல இருக்கு, அங்கதான் அடைக்கணும்.

சீரியல்காரன்:
குறுக்க வர்றேன், மன்னிக்கவும். எங்ககிட்ட இன்னும் சீரியல் கேபிள்ல ஏஎஸ்டிஎம் முறைல பேசுற பழைய மெஷின் ஓடுது, எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா அதுல ஒரு ஃபிரேமுக்கு 240 எழுத்துக்கு மேல போகக்கூடாது, ஒவ்வொண்ணுக்கும் வரிசை எண், செக்சம் (எழுத்து மாறாம வந்துச்சான்னு சரிபாக்கற எண்), அந்தப் பக்கம் 6ங்கற பைட் (சரின்னு அர்த்தம்) அனுப்புனாத்தான் அடுத்தது போகும், 21ங்கற பைட் (தப்புன்னு அர்த்தம்) அனுப்புனா அதையே மறுபடி அனுப்பும். மெதுவுதான், ஆனா இந்த மாதிரி 213 தேஞ்சு 21 ஆகறத நான் பாத்ததில்ல.

பயோமெட்பழசு:
நானும் அந்தக் கட்சிதான் 😄 ஆனா அதுலயும் செக்சம கண்டுக்காம எல்லாத்துக்கும் 6 அனுப்புற சாஃப்ட்வேர் பாத்திருக்கேன்.

நைட்டு, இப்போதைக்கு மூணு வேலை. தானா அப்ரூவ் ஆகுற செட்டிங் இருந்தா இன்னைக்கே ஆஃப் பண்ணுங்க, மெஷின் ஸ்கிரீனோட ஒத்துப் பாக்காம ஒரு சிபிசி கூட வெளிய போகக்கூடாது. பிசில வயர்ஷார்க் (நெட்வொர்க்ல போறத பதிவு பண்ற சாஃப்ட்வேர்) போட்டு, பாதி வந்த ஒரு சாம்பிளோட கேப்சர் எடுத்து லாக்கோட சேத்து சாஃப்ட்வேர்காரங்களுக்கு அனுப்புங்க, மெஷின் முழுசா அனுப்புனதும் இவங்க பாதில பதில் சொன்னதும் நேரத்தோட தெரியும், வாய்ச்சண்டை நின்னுடும். பேஷண்ட் சாம்பிள் வேணாம், டம்மி பேர் போட்டு ஓட்டுங்க. கடைசியா, காலியா வந்தத நீங்க கண்டுபிடிச்சுடுவீங்க, பாதி எண் வந்தத யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. புது பிசி வந்த நாள்ல இருந்து லாக்ல 1460ன்னு வெட்டுப்பட்டது எல்லாத்தையும் எடுத்து மெஷின் மெமரியோட ஒத்துப் பாருங்க.

நைட்டுடூட்டி:
லேட்டா பதில் போடறேன், மன்னிக்கணும். கேப்சர் அனுப்புன மறுநாளே பேச்சு மாறிடுச்சு, நாலு நாள்ல புது வெர்ஷன் குடுத்தாங்க. வேணும்னே ரொம்ப நீளமான டம்மி பேர் போட்டு 30 தடவை ஓட்டினேன், 30ம் முழுசா வந்துச்சு.

பழசு எல்லாம் ஒத்துப் பாத்ததுல எண் வெட்டுப்பட்டது ஆறு. அஞ்சுல ஆர்டிடபிள்யூ (சிவப்பணு அளவுல இருக்கற வித்தியாசம்) கடைசி இலக்கம் போயிருக்கு, ஒண்ணு அந்த 21. பெத்தாலஜிஸ்ட் மேடம்கிட்ட லிஸ்ட் குடுத்தேன், திருத்தின ரிப்போர்ட்னு போட்டு அவங்களே அந்தந்த டாக்டருக்குப் பேசிட்டாங்க.

பயோமெட்பழசு:
நல்லதுமா. லாக்ல இப்போ கடைசி ரெண்டு பைட் என்ன காட்டுது?

நைட்டுடூட்டி:
28, 13 சார். எல்லாத்துலயும்.