கலைச்சொல் உதவி: இலத்திரன் 'இயக்கவியல்' என்று எழுதலாமா?

வெள்ளவத்தை ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். உயர்தர மாணவருக்கான இரசாயனவியல் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கொட்டாஞ்சேனை அச்சகத்தார் வெள்ளிக்கிழமைக்கு மேல் பொறுக்கமாட்டார்களாம். சூரியக் கலப் பொருள்களில் ஒளி பட்டதும் இலத்திரன்கள் என்னென்ன செய்கின்றன என்று ஆராயும் ஓர் இரசாயனவியலாளரைப் பற்றிய அத்தியாயத்தில் நிற்கிறேன். ஆங்கிலத்தில் 'டைனமிக்ஸ்' என்கிறார்கள். 'இலத்திரன் இயக்கவியல்' என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். ஆனால் நமது பாடத்திட்டத்தில் 'இரசாயன இயக்கவியல்' என்று ஓர் அலகு உண்டே! அது 'கைனெட்டிக்ஸ்': தாக்கவீதம், தாக்கவரிசை, ஏவற்சக்தி. இந்தச் சொல்லைக் கண்டதும் பிள்ளைகள் வீத மாறிலியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். வேறு சொல் வேண்டும், வியாழனுக்குள்.

கோயம்புத்தூர் அன்பர்:

எங்கள் பாடநூலில் அது 'வேதிவினை வேகவியல்'. அதனால் 'இயக்கவியல்' எங்களுக்குக் காலியாக இருக்கிறது. நீங்களும் வேகவியலுக்கு மாறிவிட்டால் சிக்கலே இல்லை. இன்னொன்று: நீங்கள் அனுப்பிய பக்கத்தில் 'அருட்டப்பட்ட நிலை' என்று இருக்கிறது. அருள் பெற்ற நிலையா? நாங்கள் 'கிளர்வு நிலை' என்போம்.

வெள்ளவத்தை ஆசிரியை:

மாறலாம் அண்ணா, பரீட்சைத் திணைக்களத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் மாற்றித் தருவீர்களென்றால். அருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தூக்கத்தில் திடுக்கிட்டு விழித்தவனை 'அருண்டு எழும்பினான்' என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். இலத்திரனை அப்படி எழுப்புவதுதான் அருட்டல். அதை விடமாட்டேன்.

தெகிவளை விரிவுரையாளர்:

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். 1991இல் கிராட்செலும் ஓ'ரீகனும் வெளியிட்ட சாயமூட்டிய சூரியக் கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாய மூலக்கூறு ஒளியை உறிஞ்சுகிறது, இலத்திரன் அருட்டப்படுகிறது, பக்கத்திலுள்ள தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்குள் பாய்கிறது. நல்ல சாயங்களில் இந்தப் பாய்ச்சல் சில பத்து பெம்தோசெக்கன்களில் முடிந்துவிடும். ஒரு பெம்தோசெக்கன் என்பது ஒரு செக்கனின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. அதே இலத்திரன் திரும்பிவந்து சாயத்தோடு மீளச் சேர மைக்கிரோசெக்கன் முதல் மில்லிசெக்கன் வரை எடுக்கும். போவது விரைவு, திரும்புவது தாமதம். இந்த இடைவெளியில்தான் நமக்கு மின்னோட்டம் கிடைக்கிறது.

இதை அளக்க இரண்டு லேசர்த் துடிப்புகள் வேண்டும். முதலாவது எழுப்பும், இரண்டாவது பார்க்கும். ஒரு பெம்தோசெக்கனில் ஒளி செல்லும் தூரம் 0.3 மைக்கிரோமீற்றர். ஆகவே ஆடியை 0.15 மைக்கிரோமீற்றர் பின்னுக்கு நகர்த்தினால், போய்வரும் வழி நீண்டு, இரண்டாவது துடிப்பு ஒரு பெம்தோசெக்கன் பிந்திவரும். நேரத்தை நீளத்தால் அளக்கிறோம்! இந்த வகை ஆய்வுக்காகத்தான் அகமது செவைலுக்கு 1999இல் நோபெல் பரிசு கிடைத்தது.

கவனிக்க வேண்டியது: இலத்திரன் இடம் மாறாமலேயே சக்தியை இழந்து 'குளிர்வதும்' இந்த ஆய்வில் அடங்கும். எனவே 'நகர்வு', 'பெயர்வு' போன்ற சொற்கள் பாதிப் பொருளையே தரும். என் பரிந்துரை 'இயக்கவிசையியல்'.

கொட்டாஞ்சேனை மாணவர்:

'இயக்கவிசையியல்' வாயில் நுழையவில்லை, சேர். 'மின்னியக்க விசை'யோடும் குழம்பும். சுருக்கமாக 'இயங்கியல்' என்று வைத்தால் என்ன?

மருதானைத் தோழர் (இளைப்பாறிய ஒப்புநோக்குநர்):

தம்பி, அந்த இடம் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது. இயங்கியல் பொருள்முதல்வாதம் என்று எத்தனை துண்டுப்பிரசுரங்களுக்கு நான் ஒப்புநோக்கியிருப்பேன்! 'இலத்திரன் இயங்கியல்' என்று அட்டையில் போட்டால் ஹேகலையும் எங்கெல்சையும் தேடுகிறவர்கள்தான் வாங்குவார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். ஆசிரியைக்கு ஆகாது.

பம்பலப்பிட்டிப் பண்டிதர்:

அன்பர்களே, வீட்டில் வெண்ணெய் இருக்க ஊரெல்லாம் நெய் தேடுகிறீர்கள். 'செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்' என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் நான்கையும் வகுத்துத் தந்துவிட்டாரே! செல்லுதல் செலவு. ஒளி பட்ட இலத்திரன் சாயத்தை விட்டுப் போவது 'இலத்திரன் செலவு'. சாயம் கொடுப்பது கொடை, ஒட்சைட்டுக்கு வருவது வரவு. 'தரவு' என்பது கலிப்பாவின் உறுப்பாகவே இருந்தது. இன்று கணினிக்காரர் எல்லாரும் வாய் நிறையச் சொல்கிறார்கள். தரவு மீளலாம், செலவு மீளக் கூடாதா?

இன்னும் கேளுங்கள். போன இலத்திரன் திரும்பிவந்து சேர்வதற்குப் பெயர் இல்லையென்று யாரும் வருந்த வேண்டாம். பாலைத்திணையில் தலைவன் பொருள்வயிற் புறப்பட்டு, பின் போகாது நிற்பது 'செலவழுங்கல்'. மீளச்சேர்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உலகில் எந்த மொழியிலும் கிடையாது. இலத்திரனும் அது விட்டுச்சென்ற துளையும் பிரியாமல் ஒன்றாகவே அலையும் சோடியை 'எக்சித்தன்' என்கிறார்கள். எதற்கு? காதலர் வீட்டைவிட்டு ஒன்றாகப் போவதற்கு உள்ள பெயரால் 'உடன்போக்கு' என்க.

மருதானைத் தோழர்:

பண்டிதர் ஐயா, 'இலத்திரன் செலவு' என்று தலைப்பிட்டால் மின்கட்டணப் பட்டியல் என்றே வாசிப்பார்கள். அதை விடுங்கள். கற்பியலில் தொல்காப்பியரே சொல்கிறார்: 'செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே, வன்புறை குறித்த தவிர்ச்சி ஆகும்.' தலைவன் போகாமல் விடவில்லை. தலைவியைத் தேற்றுவதற்காகச் சற்றே நிற்கிறான், பிறகு போகிறான். மீளச்சேர்ந்த இலத்திரனோ இன்னொரு போட்டன் (ஒளித்துகள்) வந்து எழுப்பும்வரை போகாது. தங்கள் உவமை தங்கள் சூத்திரத்தாலேயே அடிபடுகிறது.

பம்பலப்பிட்டிப் பண்டிதர்:

சூத்திரம் எனக்கும் தெரியும். இன்னொரு போட்டன் வந்தால் போகிறதல்லவா? அதுவரை அழுங்கல். உரையாசிரியரைத் துணைக்கு அழைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

தெகிவளை விரிவுரையாளர்:

ஐயா மன்னிக்க வேண்டும். செலவும் கொடையும் படர்க்கைக்கு, வரவும் தரவும் தன்மை முன்னிலைக்கு என்பது இலக்கணம். இலத்திரனுக்குத் தன்மை ஏது, முன்னிலை ஏது? யாருடைய பக்கத்தில் நின்று இந்தக் கட்டுரையை எழுதுவது, சாயத்தின் பக்கமா ஒட்சைட்டின் பக்கமா?

'உடன்போக்கு' மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சேதனப் பொருள்களில் அந்தச் சோடியின் பிணைப்பு வலிது, இலேசில் பிரியாது. பெரோவ்ஸ்கைட்டு என்ற படிக வகைப் பொருளிலோ அறை வெப்பநிலையே பிரித்துவிடப் போதும். 2009இல் மியசாக்கா குழுவினர் 3.8 சதவீத மின்மாற்றுத் திறனில் தொடங்கிய பெரோவ்ஸ்கைட்டுக் கலம் இன்று 25 சதவீதத்தைத் தாண்டியதற்கு அதுவும் ஒரு காரணம். காதலர் விரைவில் பிரிந்தால்தான் நமக்கு மின்சாரம். பாலைத்திணைப் புலவர் யாரும் இதற்குச் சம்மதிக்கமாட்டார்.

கோயம்புத்தூர் அன்பர்:

தூய்மை பேசுகிறீர்கள், 'இலத்திரன்' மட்டும் தமிழா? 'எதிர்மின்னி' என்றால் என்ன?

மருதானைத் தோழர்:

'எலக்ட்ரான்' என்பதன் மெய்ம்மயக்கத்தைவிட 'இலத்திரன்' தமிழ் நாவுக்கு இதம். அதுதான் இங்குள்ள வழக்கம். ஒலிபெயர்ப்பெல்லாம் நிலைக்கும் என்றும் நான் சொல்லவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீனின் காலத்தில், 1875இல், இரசாயன நூலுக்கு 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார்கள். இன்று கெமிஸ்தம் படிக்கப்போகிறேன் என்று எந்தப் பிள்ளையாவது சொல்கிறதா? அச்சேறியதால் மட்டும் சொல் பிழைக்காது.

(இந்தப் பேச்சில் ஒரு விடயத்தை மறந்துவிடாதீர்கள். கிராட்செலின் கலத்திலிருந்த திரவத்துக்குப் பதிலாகத் திண்மச் செப்பு அயடைட்டை வைத்துப் பார்த்தவர்களில் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் முன்னோடிகள். 1995இல், நம் நாட்டில்! கையேட்டில் அதற்கு இரண்டு வரியாவது ஒதுக்குங்கள்.)

கொட்டாஞ்சேனை மாணவர்:

'இலத்திரன் பெயர்ச்சி' எப்படி? சேர் பாதிப் பொருள்தான் என்றாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

வெள்ளவத்தை ஆசிரியை:

தம்பி, 'பெயர்ச்சி' என்றதும் என் அம்மா எந்த இராசிக்கு நல்லது என்று கேட்டார். வேண்டாம்.

பண்டிதர் ஐயாவின் உடன்போக்கிலிருந்து பாதியை எடுத்துக்கொள்கிறேன்: 'போக்கு'. செல்வதும் போக்கு, நடந்துகொள்ளும் விதமும் போக்கு. இடம் மாறாமல் குளிர்வதையும் அது தாங்கும். தலைப்பு: 'ஒளி அருட்டிய இலத்திரன்களின் போக்கு'. தென்னக்கோன் பற்றிய வரிகளையும் சேர்த்துவிட்டேன். எதிர்ப்பு இருந்தால் இன்றிரவே சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை மாணவர்:

வகுப்பில் எல்லாரும் வயிற்றுப்போக்கு என்று சிரிப்பார்கள், மிஸ். ஆனாலும் விளங்கும். சம்மதம்.

மருதானைத் தோழர்:

சம்மதம். 'போக்குவரத்து'க்கு யாரும் சிரிப்பதில்லை.

தெகிவளை விரிவுரையாளர்:

சம்மதமில்லை, ஆனால் தடுக்கவும் மாட்டேன். 'போக்கு' ஒரு நல்ல தமிழ்ச் சொல், கலைச்சொல் அல்ல. ஒரு துறையின் பெயராக அதை நீட்ட முடியாது. 'போக்கியல்' என்று நாளை யாராவது எழுதினால் பொறுப்பு உங்களுடையது. என் விரிவுரையில் 'இயக்கவிசையியல்' என்றே சொல்வேன்.

கோயம்புத்தூர் அன்பர்:

எங்கள் பக்கம் 'எலக்ட்ரான் இயக்கவியல்' தொடரும். கையேடு வந்ததும் ஒரு படி அனுப்புங்கள்.

வெள்ளவத்தை ஆசிரியை:

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். எக்சித்தன் எக்சித்தனாகவே போயிருக்கிறது; 'உடன்போக்கு' அடிக்குறிப்பில் இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

பம்பலப்பிட்டிப் பண்டிதர்:

அடிக்குறிப்பிலா? 'செலவு' என்ற சொல்லாட்சி பற்றிய என் குறிப்பின் இரண்டாம் பகுதியை நாளை அனுப்புகிறேன்.