மறு: டென்ட்ரைட்டுக்கு 'உலோகமுள்' போதுமா?

குழுவினருக்கு வணக்கம். டென்ட்ரைட், அதாவது சார்ஜ் ஏறும்போது மின்கலத் தகட்டில் முளைத்து வளரும் உலோகப் படிகம், அதற்கான தமிழ்ச் சொல் பற்றி என் பதில்.

> துத்தநாக மின்கலத்தில் வளரும் டென்ட்ரைட்டை 'உலோகமுள்' என்று எழுதினால் யாருக்கும் உடனே புரியும்.

புரியும் ஐயா, மறுக்கவில்லை. இரு தகடுகளும் தொடாமல் நடுவே வைக்கும் பிரிப்புத் தாளைக் குத்திக் கிழித்து ஷார்ட் ஆக்குகிற சாமானுக்கு முள் என்ற பெயர் தகும். ஆனால் அது செய்யும் கெடுதல்தான் அந்தச் சொல்லில் இருக்கிறது, வளரும் விதம் இல்லை.

சார்ஜ் ஏறும்போது துத்தநாக அயனிகள் தகட்டின் மேல் சமமாகப் படிவதில்லை. எங்காவது ஒரு சின்ன மேடு இருந்தால் மின்புலம் அங்கே குவியும். பின்னால் வரும் அயனிகளும் அங்கேயே போய் ஒட்டும். மேடு நீள நீள இழுப்பும் கூடும். கலத்துக்குள் இருக்கும் மின்பகுளி (அயனிகளைக் கடத்தும் திரவம்) காரக் கரைசலாக இருந்தால் இது பக்கவாட்டில் கிளைவிட்டுப் பெரணி இலை போல விரியும். துத்தநாக சல்பேட் கரைசலிலோ மெல்லிய அறுகோணச் சில்லுகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். பக்கத்தில் நுண்ணோக்கிப் படத்தையும் போட்டால் வாசிப்பவர் 'முள் எங்கே?' என்றுதான் கேட்பார்.

அதனால் 'கிளைப்படிகம்' என்கிறேன். கிரேக்க மூலத்துக்கு மரம் என்று பொருள். வார்ப்பு உலோகத்திலும் பனிப்படிகத்திலும் இதே வளர்ச்சி உண்டு, அங்கேயும் இந்தச் சொல் செல்லும். நரம்பணுவின் டென்ட்ரைட்டோடு குழப்பமும் வராது. எழுந்து நிற்கும் சில்லுகளுக்குக் 'கிளை' முழுசாகப் பொருந்தாதுதான். அவற்றுக்கு 'நிமிர்சில்லு' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

> லித்தியம் மாதிரித் தீப்பிடிக்காதே, அப்புறம் எதற்கு இவ்வளவு கவலை?

நீர் சார்ந்த மின்பகுளி எரியாது, சரி. ஆனால் ஷார்ட் ஆன கலம் போனது போனதுதான். நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து உறை உப்புவது இன்னொரு தொல்லை. சத்தமில்லாமல் ஆயுளைக் குறைப்பது மூன்றாவது ஒன்று: டிஸ்சார்ஜ் ஆகும்போது கிளை அடிப்பக்கம் கரைந்து, நுனி முறிந்து விழுந்துவிடும். தகட்டோடு தொடர்பு அறுந்த அந்தத் துண்டில் துத்தநாகம் இருந்தும் மின்னோட்டத்துக்கு உதவாது. ஆங்கிலத்தில் இதைச் 'செத்த துத்தநாகம்' என்கிறார்கள். எனக்கு 'உதிர்துத்தநாகம்' பிடித்திருக்கிறது, உதிர்ந்ததால்தானே வீணாயிற்று?

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. இந்த வளர்ச்சியை அடக்க மின்பகுளியில் சேர்க்கும் பொருளுக்குக் 'கிளைப்படிகத் தடுப்பி' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு இடறுகிறது. கூட்டுச்சொல்லில் மட்டும் 'கிளைப்புத் தடுப்பி' என்று சுருக்கலாமா? அக்கா, பாடநூல் குழுவில் இப்படிச் சுருக்கினால் ஒத்துக்கொள்வார்களா?