எடின்பரோ கலியாணத்துக்குக் கில்ட்: வாங்குறதா, வாடகையா?

வெள்ளவத்தையான்: நான் மாப்பிள்ளைத் தோழன், கில்ட்தான் (ஸ்கொட்லாந்து ஆம்பிளையள் உடுக்கிற மடிப்புப் பாவாடை) உடுக்கவேணுமாம். சடங்கு பகல், விருந்து இரவு. கொழும்பிலயிருந்தே அளவு அனுப்பலாமோ? காற்சட்டை இடுப்பு 34.

ஊசிநூல்: ஒரு நாளுக்கெண்டா வாடகைதான். சொந்தமாத் தைச்சா 8 யார் கம்பளி, வாரக்கணக்கில காத்திருக்கவேணும். 34 எண்டு மட்டும் அனுப்பிப்போடாதேங்கோ! கில்ட் நிக்கிறது தொப்புள் உயரத்தில, காற்சட்டை அதுக்குக் கீழ. தொப்புளைச் சுத்தி ஒரு அளவு, பிட்டத்தின் அகண்ட இடத்தில ஒண்டு, தொப்புளிலயிருந்து முழங்கால் சில்லின் நடுவரை நீளம். நிமிர்ந்து நிண்டு வேறாளைக்கொண்டு அளப்பியுங்கோ. குனிஞ்சு பாத்தா நீளம் பிழைக்கும்.

கறுவாத்தோட்டம்: பிரின்ஸ் சார்லி எண்ட கட்டை ஜாக்கெட்டும் போ-டையும் (bow tie) இரவுக்குத்தான். உங்களுக்கு ஆர்கைல் எண்ட ஜாக்கெட் எடுங்கோ, பகல் இரவு இரண்டுக்கும் பொருந்தும். கில்ட்டின்ர மடிப்பு பின்பக்கம், திறக்கிற விளிம்பு வலப்பக்கம். முன்னால ஒண்டுக்கு மேல ஒண்டா இரண்டு மடல் வரும்; கில்ட் குத்தூசியை மேல் மடலில மட்டும் குத்துங்கோ, இரண்டையும் சேர்த்தா இருக்கேக்க துணி கிழியும். காலுறை மடிப்பு முழங்காலுக்கு மூண்டு விரல் கீழ. கில்ட்டோட போடுற 'கிலி புரோக்' சப்பாத்துக்கு நாக்கில்லை. லேஸை முறுக்கிக் கணுக்காலுக்குச் சற்று மேல கட்டவேணும், கூட ஏத்தினா நடக்க நடக்க வழுகும்.

வெள்ளவத்தையான்: டார்டன், அதான் கில்ட் துணியின்ர கட்டக்கோலம், எதை எடுக்கிறது?

ஊசிநூல்: மாப்பிள்ளை வீட்டாரைக் கேளுங்கோ. அவை ஒண்டும் சொல்லாட்டி பிளாக் வாட்ச் எண்ட டார்டனை எடுங்கோ, ஆரும் உடுக்கலாம். காலுறைக்குள்ள செருகிற சின்னக் கத்தியை மட்டும் விமானத்தில கைப்பையில வையாதேங்கோ.