ஓட்டிஸ் ரஷ்ஷின் உயரம் தெரிவது மேடையிலா, கோப்ரா தட்டுகளிலா?

பழந்தட்டு:
அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையில் சிகாகோ பாணி என்று பேச்செடுத்தால் மடி வாட்டர்ஸ், ஹௌலின் வுல்ஃப், பட்டி கை என்று பெயர்கள் வரும். கிட்டார் வாசித்துப் பாடிய ஓட்டிஸ் ரஷ்ஷின் பெயரை யாராவது நினைவுபடுத்தினால்தான் உண்டு. லெட் ஸெப்பலின் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் 'ஐ கான்ட் க்விட் யூ பேபி' கேட்டவர்கள் ஏராளம். அதை 1956-ல் முதலில் பாடிப் பதிவு செய்தவர் இவர் என்று தெரிந்தவர்கள் குறைவு. கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானின் குழுவுக்கு 'டபுள் ட்ரபிள்' என்ற பெயர் வந்ததே இவருடைய பாட்டிலிருந்துதான்.

தெரிந்தவர்களும் அவரை 1956 முதல் 1958 வரை கோப்ரா என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குக் கொடுத்த எட்டு சிங்கிள்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகளை) வைத்தே எடை போடுகிறார்கள். இது அவருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. அவரை மேடைப் பதிவுகளில்தான் கேட்க வேண்டும். 1975-ல் டோக்கியோ ஹிபியா பூங்காவின் திறந்தவெளி அரங்கில் பதிவான 'ஸோ மெனி ரோட்ஸ்' ஆல்பத்தையும், 1976 ஜனவரியில் சிகாகோவின் வைஸ் ஃபூல்ஸ் பப்பில் பதிவானதையும் கேளுங்கள். இரண்டாவது டெல்மார்க் கம்பெனி வழியாக வெளிவந்தது 2005-ல். கிட்டத்தட்ட முப்பது வருஷம் அது யார் காதிலும் விழாமல் கிடந்தது. ஒரு பெரிய கலைஞரின் நடு வயதே இப்படி மறைந்துபோனால் உலகம் அவரை எப்படி அளக்கும்?

கோப்ரா56:
பழந்தட்டு அண்ணா, உங்கள் ஆர்வத்தில் எனக்கும் பங்கு உண்டு. முடிவில் உடன்பாடு இல்லை.

1958-ல் வந்த 'ஆல் யுவர் லவ்' சிங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். சோகம் தொனிக்கும் மைனர் ஸ்வர வரிசையில், ரும்பா என்ற லத்தீன் தாளத்தில் தொடங்குகிறது. நடுவில் திடீரென்று துள்ளி நடக்கும் ஷஃபிள் தாளத்துக்குத் தாவுகிறது, கிட்டாரின் தனி வாசிப்பான ஸோலோ அங்கே எரிகிறது, மறுபடி ரும்பாவுக்கு இறங்கி முடிகிறது. இத்தனையும் மூன்று நிமிடத்துக்குள். இங்கிலாந்தின் பீட்டர் க்ரீன் எழுதிய 'ப்ளாக் மேஜிக் உமன்' பாட்டில் இதன் சாயல் அப்படியே தெரியும். அதே நாட்டு எரிக் க்ளாப்டனும் ஜான் மேயாலும் 1966-ல் தங்கள் ஆல்பத்தைத் தொடங்கியதே இந்தப் பாட்டோடுதான். இவர்களெல்லாம் ரஷ்ஷைக் கண்டுபிடித்தது சிகாகோ கிளப்பில் உட்கார்ந்து அல்ல, தட்டைக் கேட்டுத்தான்.

மேடையில் அவர் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஒரு ராத்திரி யாரும் கிட்டே நெருங்க முடியாது. அடுத்த ராத்திரி ஓரமாக நின்று மற்றவர்களைப் பாடவிட்டு, தான் நாலு ஸ்வரம் வாசித்துவிட்டுப் போய்விடுவார். நல்ல ராத்திரிகளில் பதிவானதை மட்டும் பொறுக்கி எடுத்து இதுதான் ரஷ் என்று சொல்வது சரியான அளவுகோலா?

ஆறாம்கம்பி:
நான் கிட்டார் வாசிப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ரஷ் இடது கைக்காரர். ஆனால் கம்பிகளை வலது கைக்காரர் கட்டும் வரிசையிலேயே வைத்துக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தவர். அதனால் மெல்லிய கம்பி மேலே, அவர் முகத்தின் பக்கம் இருக்கும். தடித்த கம்பி தரையைப் பார்த்திருக்கும். இன்னொரு ப்ளூஸ்காரர் ஆல்பர்ட் கிங்கும் இப்படித்தான். நாமெல்லாம் மெல்லிய கம்பியை மேல்நோக்கித் தள்ளி ஸ்வரத்தை உயர்த்துகிறோம். ரஷ் அதைக் கீழ்நோக்கி இழுப்பார். தள்ளுவதைவிட இழுப்பதில் விரல்களுக்குப் பலமும் பிடிமானமும் அதிகம். அதனால்தான் அந்த ஸ்வரம் அவசரமில்லாமல் ஏறும், மேலே போனதும் அங்கேயே நின்று அகலமாக அதிரும். வீணைக்காரர் ஒரே மெட்டில் கம்பியை இழுத்து மூன்று ஸ்வரம் காட்டுவாரே, அந்த மாதிரி வேலை. கம்பியை மீட்டும் கையின் சுண்டு விரலைத் தடித்த கம்பிக்கு அடியில் மடித்துக் கொடுத்து, கையை அங்கே நிலைநிறுத்திக்கொள்வதும் அவர் வழக்கம்.

இந்த இழுப்பை முழுசாகக் கேட்க மெதுவான பாட்டும் நேரமும் வேண்டும். சிங்கிளில் ஸோலோவுக்குப் பாட்டின் ஒரு சுற்று கிடைத்தாலே பெரிது. டோக்கியோ பதிவில் 'கேம்ப்ளர்ஸ் ப்ளூஸ்' பாட்டில் அவருக்கு அவசரம் இல்லை. ஸ்வரம் சரியான இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே தங்கி, நம்மைக் காக்கவைத்து, அப்புறம்தான் ஏறுகிறது. இதில் நான் பழந்தட்டு பக்கம்.

கோப்ரா56:
ஆறாம்கம்பி சொன்ன அதே இழுப்பு 'டபுள் ட்ரபிள்' சிங்கிளிலும் இருக்கிறதே. வேலையும் போய், கையில் காசும் இல்லாத ஒருவனின் பாட்டு அது. கிட்டார் ஓரிரு ஸ்வரத்தில் வந்து குத்திவிட்டு விலகுகிறது. அந்தக் குறைவுதான் பாட்டுக்கு வலு. நீளமாக வாசித்தால் ஆழம் கூடிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். ரஷ் முதலில் ஒரு பாடகர். முதல் சிங்கிளில் பாட்டைத் தொடங்கும் அந்தக் குரல், 22 வயதுப் பையனுடையது, பில்போர்டு பத்திரிகையின் ஆர் அண்ட் பி (கறுப்பின இசை) பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறியது. பிற்கால மேடைகளில் கிட்டார் நீண்டது, குரல் ஒதுங்கியது.

கௌரி_வடபகுதி:
இந்த விவாதத்தில் ரஷ்ஷை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். 1990-களில் படிப்புக்காக சிகாகோவில் இருந்தேன். வடபகுதிக் கிளப்களில் அவர் வாசிப்பார், நானும் போவேன்.

கோப்ரா56 சொல்லும் மோசமான ராத்திரி கட்டுக்கதை இல்லை. இடைவேளைக்கு முந்தைய முதல் செட் முழுக்கக் குழுவினர் பாட, இவர் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் தொப்பியோடு நின்று ரிதம் வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வந்தவர்கள் சிலர் எழுந்து போனார்கள். நான் இருந்தேன். இரண்டாவது செட்டில் ஒரு மெதுவான மைனர் பாட்டை எடுத்தார். ஒரு ஸ்வரத்தைக் கீழே பிடித்து மேலே கொண்டுபோன விதத்தில், இரண்டாவது கிட்டார்க்காரர் தன் கையை எடுத்துவிட்டார். ட்ரம்ஸ்காரர் குச்சியை விளிம்புக்கு மாற்றிக்கொண்டார். அவர்களுக்கு முன்கூட்டிப் பேசிவைத்த திட்டம் எதுவும் இல்லை என்பது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதிலேயே தெரிந்தது. அதற்கு மேல் அவர் பாடியதும் அப்படித்தான். குரல் ஒதுங்கிவிட்டது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது, கோப்ரா. அன்றைக்கு அந்தக் குரலில் ஐம்பதுகளின் உச்சம் குறைந்திருக்கலாம், ஆனால் அடியில் ஒரு கனம் சேர்ந்திருந்தது. 22 வயதில் அது வராது.

அவர் ஒரு ராத்திரி வாசிக்க மனமில்லாமல் நின்றார் என்றால், அதை அவருடைய குறையாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மனுஷனுக்கு இசைக் கம்பெனிகள் செய்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பழந்தட்டு:
கௌரி, நன்றி. கம்பெனிகள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம்.

1959-ல் கோப்ரா மூடியது. அங்கே இவருக்குப் பாட்டு எழுதித் தயாரித்த வில்லி டிக்ஸன் செஸ் கம்பெனிக்குத் திரும்ப, ரஷ்ஷும் அங்கே போனார். எட்டுப் பாட்டுகள் பதிவு செய்தார். 1960-ல் இரண்டு சிங்கிள்களாக நாலு மட்டும் வெளிவந்தன. அப்புறம் ட்யூக் கம்பெனி. ஒப்பந்தம் போட்டு, 1962-ல் 'ஹோம்வொர்க்' என்ற ஒரே ஒரு சிங்கிள். அவ்வளவுதான். 1966-ல் வான்கார்ட் வெளியிட்ட சிகாகோ தொகுப்பில் ஐந்து பாட்டுக்கு இடம் கிடைத்தது. தன் பெயரில் ஒரு முழு ஆல்பம் வந்தது 1969-ல், மைக் ப்ளூம்ஃபீல்டும் நிக் க்ரேவனைட்ஸும் தயாரித்தது. முதல் வெற்றிக்கும் முதல் ஆல்பத்துக்கும் நடுவே 13 வருஷம்!

இதைவிடக் கொடுமை 1971-ல். சான் ஃப்ரான்சிஸ்கோவில் கேப்பிட்டல் கம்பெனிக்காக 'ரைட் ப்ளேஸ், ராங் டைம்' பதிவு செய்தார். ஸ்டூடியோவில் அவர் செய்ததிலேயே சிறந்தது என்று பலர் சொல்லும் ஆல்பம். கேப்பிட்டல் அதை வெளியிடவில்லை. கடைசியில் ரஷ்ஷே அந்த மாஸ்டரை, அதாவது மூலப் பதிவை, வாங்கி, 1976-ல் முதலில் ஜப்பானிலும் பிறகு அமெரிக்காவில் புல்ஃப்ராக் என்ற சின்னக் கம்பெனி வழியாகவும் வெளியே கொண்டுவந்தார். தான் பாடியதைத் தானே விலை கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. இப்படி ஒருவருக்கு நடந்தால் ஸ்டூடியோ மேல் என்ன நம்பிக்கை இருக்கும்? மிச்சம் இருந்தது மேடை மட்டும்தான். அவருடைய கலை அங்கே வளர்ந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

கோப்ரா56:
கம்பெனிகள் அவரை வஞ்சித்தன என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் அதிலிருந்து 'ஆகவே மேடைதான் உயரம்' என்ற இடத்துக்கு எப்படிப் போகிறீர்கள்? உங்கள் கணக்கையே வைத்துப் பார்த்தாலும், நீங்கள் புகழ்ந்த 1971 ஆல்பம் ஸ்டூடியோவில் செய்தது.

மேஜிக் சாம் என்ற ப்ளூஸ்காரரைப் பாருங்கள். சிகாகோவின் அதே மேற்குப்பகுதி, அதே கோப்ரா கம்பெனி. 1969 டிசம்பரில் 32 வயதில் இறந்துபோனார். அவருக்கும் கிடைத்தது குறைவுதான். ஆனால் அதே வருஷம் ஆகஸ்டில் ஆன் ஆர்பர் ப்ளூஸ் விழாவில் இரவல் ட்ரம்ஸ்காரரை வைத்துக்கொண்டு மேடையேறி, கூட்டத்தை எழுப்பிவிட்டார். ரஷ்ஷுக்கு நேரம் இருந்தது. 2003-ல் பக்கவாதம் வரும் வரை வாசித்தார். மேடையே அவருடைய உண்மையான இடம் என்றால், அங்கே அவரை நம்பிப் போக முடிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆறாம்கம்பி:
மேஜிக் சாமோடு ஒப்பிடுவது பொருந்தாது. சாம் கூட்டத்தை எழுப்புகிறவர். ரஷ் அந்த வகையே இல்லை. பட்டி கை நீள வயரோடு கூட்டத்துக்குள் இறங்கி நடப்பார், ரஷ் நின்ற இடத்தை விட்டு நகரமாட்டார். அவரிடம் வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை, கேட்க மட்டும்தான். குறைத்து மதிக்கப்பட்டதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன், கம்பெனிகள் செய்த அளவுக்கு.

1966-ல் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் குழுவோடு ஐரோப்பா போனபோது எடுத்த கறுப்பு வெள்ளை வீடியோப் படம் கிடைக்கிறது. பின்னால் ஃப்ரெட் பிலோ ட்ரம்ஸ். அசையாமல் நின்று 'ஐ கான்ட் க்விட் யூ பேபி' பாடுகிறார். பத்து வருஷத்துக்கு முந்தைய சிங்கிளையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், கோப்ரா. சிங்கிளில் டிக்ஸன் போட்ட ஏற்பாட்டுக்குள் ஒரு பையன் பாடுகிறான். படத்தில் பாட்டு முழுக்க ரஷ்ஷின் சொத்தாகிவிட்டது.

கௌரி_வடபகுதி:
ஆறாம்கம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1986-ல் சுவிட்சர்லாந்தின் மான்த்ரூ விழாக் கச்சேரியில் க்ளாப்டன் வந்து சேர்ந்துகொள்ளும் பகுதியை எல்லோரும் பகிர்கிறார்கள். எனக்கு அதற்கு முன்னால் ரஷ் தன் குழுவோடு மட்டும் வாசிப்பது பிடிக்கும். விருந்தாளி வந்ததும் இவர் மரியாதைக்கு இடம் விட்டுவிடுகிறார். அவருடைய கச்சேரியிலேயே அவரைவிட வந்தவரைப் பார்க்கிறார்கள், எனக்கு அது வருத்தம்.

அப்புறம், கோப்ரா, நம்பிப் போக முடியவில்லை என்பது உண்மை. தெரிந்தும் திரும்பத் திரும்பப் போனோம். அடுத்த மேஜையில் பழைய முகங்களே இருக்கும். சுமாரான செட்டையும் பொறுத்து உட்கார்ந்திருந்த அவர்கள் யாரும் 1956 தட்டை நினைத்து வரவில்லை.

நாலாம்வரிசை:
நான் ப்ளூஸுக்குப் புதுசு. இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கிருந்து தொடங்கினால் ரஷ் பிடிபடுவார்? ஒரே ஒரு பதில் சொல்லுங்கள்.

கோப்ரா56:
கோப்ராவில் பதிவான மொத்தமும் ஒரே தொகுப்பாகக் கிடைக்கிறது. 'டபுள் ட்ரபிள்', 'ஆல் யுவர் லவ்' இரண்டையும் முதலில். பிறகு செஸ்ஸில் 1960-ல் செய்த 'ஸோ மெனி ரோட்ஸ்' சிங்கிள். அந்த ஒரு சுற்று ஸோலோவுக்கு மேல் எந்த மேடைப் பதிவும் போகவில்லை என்பதில் நான் மாறப்போவதில்லை. 1999-ல் அவருக்குக் கிராமி கொடுத்த ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விருது நல்ல விஷயம், ஆனால் கொடுக்க வேண்டிய பாட்டுக்கு 40 வருஷம் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

பழந்தட்டு:
நாலாம்வரிசை, நீங்கள் வைஸ் ஃபூல்ஸ் பப் பதிவிலிருந்தே தொடங்குங்கள். பாப் ஸ்ட்ரோகரின் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள், தலைவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாங்கிப் பிடிக்கிறது. அதில் 'ஆல் யுவர் லவ்' வரும். கோப்ரா56 சொன்ன அதே பாட்டு, 18 வருஷம் கழித்து, சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால். இரண்டையும் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள். கோப்ரா, அதுவரை உங்கள் செஸ் சிங்கிளையும் டோக்கியோ பதிவையும் வைத்து நாம் தொடர்வோம். டோக்கியோவில் ஜிம்மி ஜான்சன் இரண்டாவது கிட்டாரில் கொடுக்கும் பின்னணியைப் பற்றி நீங்கள் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.