நாலரை மாதக் குழந்தைக்குப் பசும்பால் கொடுக்கலாமா?

கேள்வி:
மகளுக்கு நாலரை மாதம். திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன். காலை எட்டுக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வீடு. "பக்கத்து வீட்டில் கறக்கிற பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொடுக்கலாம், உன் வீட்டுக்காரனை அப்படித்தான் வளர்த்தேன்" என்கிறார் அத்தை. அவர்தான் பார்த்துக்கொள்ளப் போகிறார். என்ன செய்வது?

பதில் 1:
வேண்டாம்மா. என் மூத்தவனுக்கு ஐந்தாம் மாதமே பசும்பால் கொடுத்தேன். நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தான். ஒன்பதாம் மாதம் டாக்டர் கீழ் இமையை இழுத்துக் காட்டினார், உள்ளே வெள்ளைத்துணி மாதிரி வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7.4, ரத்தசோகை. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் வரும். புரதமும் உப்புகளும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அதிகம். தண்ணீர் கலந்தால் சத்துதான் குறையும், இரும்பு அதிகமாகாது. ஒரு வயது வரை குடிக்கக் கொடுக்காதீர்கள்.

இளையவளுக்குத் தாய்ப்பாலையே பீய்ச்சி வைத்துவிட்டுப் போனேன். நம் ஊர் வெயிலுக்கு உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், உள்பக்கமாக. 4 நாள் தாங்கும். அடுப்பில் சுட வைக்காமல், வெந்நீர்க் கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்து குளிர் போக்கினால் போதும். பாட்டில் வேண்டாம், பாலாடையில் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் துப்பினாள், அப்புறம் பழகிவிட்டாள்.

கேள்வி கேட்டவர்:
பால் பற்றாவிட்டால்? ஆட்டுப்பால் லேசு என்கிறார்களே?

பதில் 2:
கறந்த ஆட்டுப்பாலும் கூடாது. அதில் ஃபோலேட் என்ற வைட்டமின் மிகக் குறைவு, வேறு வகையில் ரத்தசோகை வரும். பற்றாததற்குக் குழந்தை டாக்டரைக் கேட்டு, கைக்குழந்தைகளுக்கென்றே வரும் பவுடர் பால் (ஃபார்முலா) தான். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அரை மணிக்குள் கலக்க வேண்டும். கிருமி சாக அந்தச் சூடு தேவை. அப்புறம் நன்றாக ஆறவிட்டுக் கொடுங்கள். டப்பாவில் போட்ட அளவுதான் கணக்கு, பெரும்பாலும் 30 மில்லிக்கு ஒரு கரண்டி, தலைதட்டி. சிக்கனம் என்று நீர்க்க விடாதீர்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மலத்தில் ரத்தம், விடாத வாந்தி என்றால் பவுடரில் இருக்கும் பசும்பால் புரதமே ஒவ்வாமல் இருக்கலாம். அதற்குத் தனிப் பவுடர் உண்டு, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இமையை இழுத்துப் பார்த்ததை அத்தையிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. பரணில் தேடி, இவருடைய வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்தார். புளி போட்டுத் தேய்த்துக் கொதிக்க வைத்திருக்கிறோம். இன்று காலை 40 மில்லி பீய்ச்சினேன்.