நாய் குறுக்கே வந்தது

குழு: எங்க வீட்டுக் கல்யாணம் 🎊

பெரியப்பா, காலை 7:02
இனிய காலை வணக்கம் 🌷 மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டியாகிவிட்டது.

நான், 9:40
எங்கள் பேண்டுக்குப் புதுப் பாட்டு ஒன்று போடுகிறோம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றி. மெதுவான ராக் பாட்டு, பியானோவில் ஆரம்பித்துக் கடைசியில் கிட்டார் அலறும். வீடியோவில் ஹீரோ பாரில் குடிக்கிறான், காரை எடுக்கிறான், ஸ்லோ மோஷனில் கண்ணாடி உடைகிறது, மழை, வெள்ளைத் துணி. எப்படி?

அம்மா, 9:43
மழைக்காக மாடிக் குழாயைத் திறந்துவிடாதே. லாரித் தண்ணீர்.

நித்யா அக்கா, 9:44
வெள்ளைத் துணி வேண்டாம்டா. நூறு வீடியோவில் பார்த்தாகிவிட்டது.

சுந்தர் மாமா, 9:51
பியானோவில் ஆரம்பிக்கும் ராக் பாட்டு என்றால் மாட்லி க்ரூ என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஹோம் ஸ்வீட் ஹோம்' கேள். 1985. கேசட் தேயத் தேயக் கேட்டிருக்கிறேன். டிரம்ஸ் அடிக்கிற டாமி லீதான் பியானோ வாசிப்பார். வீடியோ தொடக்கத்தில் நாலு பேரும் ஆளுக்கோர் இடத்தில் போனை எடுத்து 'கிளம்பிட்டேன்' என்பார்கள். அப்புறம் பஸ், மேடை, கூட்டம்.

நான், 9:53
அதில் குடி எங்கே வருகிறது மாமா?

சுந்தர் மாமா, 9:58
பாட்டில் வராது. அதற்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பாட்டைப் பாடுகிற வின்ஸ் நீல், 1984 டிசம்பர் 8 அன்று கலிபோர்னியாவில் ரெடோண்டோ பீச் பக்கம் தன் வீட்டில் பார்ட்டி வைத்தார். சரக்கு தீர்ந்துவிட்டது. ஹனாய் ராக்ஸ் என்ற பின்லாந்து குழுவின் டிரம்மர் ராஸிலை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். வரும் வழியில் எதிரே வந்த வண்டிகள் மேல் மோதல். ராஸில் போய்விட்டார், 24 வயது. எதிர் வண்டியில் இருந்த இரண்டு பேருக்கு மூளையில் பலத்த காயம். ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார்.

சுந்தர் மாமா, 10:01
அன்றைக்கு வின்ஸ் நீல் ரத்தத்தில் ஆல்கஹால் 0.17 சதவீதம். தண்டனை வெறும் 30 நாள், அதையும் முழுசாக இருக்கவில்லை. 26 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கட்டினார். அடுத்த ஆல்பத்தை ராஸிலுக்கு அர்ப்பணித்தார்கள். இந்தப் பாட்டு அதில்தான் இருக்கிறது.

பெரியப்பா, 10:06
0.17 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 170 மில்லிகிராம். நம் ஊரில் 30-ஐத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு. முதல் தடவைக்கு 10,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். பக்கத்தில் உட்கார்ந்து 'ஓட்டுடா' என்று ஏற்றிவிட்டவனுக்கு 188. ஆர்டிஓ ஆபீசில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

நித்யா அக்கா, 10:07
பெரியப்பா, பாட்டில் பிரிவு எண்ணெல்லாம் வராது 😄

சுந்தர் மாமா, 10:10
இதையும் கேள். 2003-இல் தங்கள் பழைய பாட்டையெல்லாம் சேர்த்து ஒரு பெட்டியாக விற்றார்கள். அதற்கு வைத்த பெயருக்கு 'காரை மோதும்போது கேட்க வேண்டிய இசை' என்று அர்த்தம். செத்தவன் வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒருத்தனுக்காவது தோன்ற வேண்டாமா?

விஜி அத்தை, 10:14
நன்றாகக் கேட்டீர்கள்.

விஜி அத்தை, 10:15
கார்த்தி, 'கிளம்பிட்டேன்' என்று போனில் சொல்கிற இடம் இருக்கிறது பார், அதை வைத்துக்கொள். 1998-இல் ஒரு வரவேற்பு. மண்டபத்திலிருந்து போன் வந்தது, 'கிளம்பிட்டேன், சோறு வை' என்று. ரசம் கொதிக்க வைத்து இறக்கினேன். மறுபடி கொதிக்க வைத்தேன். ராத்திரி ஒன்றரைக்கு வாசலில் வந்து நின்றது வேறு ஆள்.

சுந்தர் மாமா, 10:17
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அம்மா, 10:19
அண்ணி, இப்போது எதற்கு அது. குழந்தைகள் இருக்கிற குழு.

விஜி அத்தை, 10:21
இருக்கட்டும் லதா. குழந்தைதானே பாட்டு எழுதுகிறது.

பெரியப்பா, 10:22
பூக்காரர் மாலைக்கு அளவு கேட்கிறார், யாராவது பதில் சொல்லுங்கள்.

சுந்தர் மாமா, 10:34
கார்த்தி, அழித்ததைத் திரும்ப எழுதுகிறேன். ஸ்கூட்டரை ஓட்டியவன் நான். ரெண்டு பெக்தான் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் வாயில் அதுதான் வருகிறது. பின்னால் உட்கார்ந்திருந்தது உன் அத்தையின் தம்பி. அவன் காலில் கம்பி வைத்தார்கள், எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. மறுநாள் போலீஸ் கேட்டபோது படுக்கையில் இருந்தபடியே அவன் சொன்னான், 'நாய் குறுக்கே வந்தது.' என் மேல் கேஸ் இல்லை. வின்ஸ் நீலுக்காவது 30 நாள்.

நித்யா அக்கா, 10:36
நாய் வரவில்லையா மாமா?

சுந்தர் மாமா, 10:37
எந்த நாயும் வரவில்லை.

விஜி அத்தை, 10:39
எனக்கே அவன் மூன்று வருஷம் கழித்துத்தான் சொன்னான். அதுவரை தெருவில் நாயைக் கண்டால் கல்லை எடுப்பேன்.

நான், 11:05
ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அத்தை, மாமா, ஹீரோவைத் தூக்கிவிடுகிறேன். கார், கண்ணாடி, மழை எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருத்தன், கால் தொங்கவிட்டிருக்கிறது, எதிரே போலீஸ்காரர் எழுதிக்கொள்கிறார். 'நாய் குறுக்கே வந்தது' என்பதுதான் பல்லவி. ஒவ்வொரு தடவையும் அதே வரி, கிட்டார் மட்டும் ஏறிக்கொண்டே போகும். செய்யலாமா?

அம்மா, 11:08
அந்த வரியைப் பாடும்போது கத்தாதே. மெதுவாகச் சொல்.

சுந்தர் மாமா, 11:09
என்னைக் கேட்காதே. எனக்கு அந்த உரிமை இல்லை.

விஜி அத்தை, 11:12
என் தம்பியிடம் கேள். மெசேஜில் வேண்டாம், நேரில் போ. மாடி ஏற முடியாதென்று இன்னும் கீழ் வீட்டில்தான் இருக்கிறான். போகும்போது முறுக்கு கொண்டுபோ.

பெரியப்பா, 11:20
மாலை அளவு நானே சொல்லிவிட்டேன். இன்னொன்று, வரவேற்பு அன்று நம் ரெண்டு காருக்கும் ஆக்டிங் டிரைவர் பேசியிருக்கிறேன். சாயங்காலம் 5 மணிக்கு வருவார்கள். சாப்பாட்டில் ரெண்டு இலை சேர்த்துச் சொல்லுங்கள்.

சுந்தர் மாமா, 11:21
என் வண்டிச் சாவி 1998-லிருந்து விஜியிடம்தான் இருக்கிறது. அவளிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் அத்தான்.

விஜி அத்தை, 11:22
👍